பெரியவருக்குத் தடிமன்

இரிங்க, இரிங்க. எல்லாரும் அந்த வாங்குல குந்துங்க. குந்தி, வாயக் கொஞ்சம் பூட்டுங்க. டேய் தம்பி, நீலச் சேட்டுப் போட்ட உனக்கும்தான்! சத்தம் போட்டா அவர் போயிருவாரா? போக மாட்டார். 'ஆர்ரா அது என்னப் பத்திக் கதைக்கிறது' எண்டு பாக்க இன்னும் கிட்ட வருவார்.

ஆரா? அவர்தான். பெரியவர். முன்னுக்கு ஒண்டு தொங்கும், பின்னுக்கு ஒண்டு தொங்கும், காது ரெண்டும் முறம் மாதிரி. ஐயோ தங்கச்சி, பேரச் சொல்லிப் போடாதீங்க! காட்டு வாசல்ல நிண்டு பேரச் சொன்னா, தன்னைக் கூப்பிட்டாங்க எண்டு நினைச்சி வந்து நிப்பார். எங்கட பக்கம் ஆரும் சொல்றதில்ல. பெரியவர். அவ்வளவுதான்.

ப்ரீஈஈங்ங்... கேட்டீங்களா? இந்தா, அந்த வீரமரத்தடிப் பத்தைக்குள்ள. காலத்தால எட்டு மணில இருந்து இதே வேலை. என்ட ஓட்டோவும் நிக்கிது, உங்கட வேனும் நிக்கிது. இந்த ஒரு பாதைதான் கடலுக்கு. இதால போனா மூண்டு கிலோமீட்டர். பெரியவர் விட்டாத்தான் போகலாம். விடாட்டி, வேனுக்கு மேல கட்டியிருக்கிற உங்கட அலைப் பலகையெல்லாத்தையும் இறக்கி அதுல உடுப்பு அயன் பண்ணுங்க.

எந்த ஊரு? யாழ்ப்பாணமா? நினைச்சன், நினைச்சன். 'அண்ணை, கடல் இன்னும் எவ்வளவு தூரம் பாருங்கோ, நாங்கள் கெதியாய்ப் போகவேணும் பாருங்கோ.' கோவிக்காதீங்க தம்பி. ஒரு தரம் கேட்டாக் காணும், நான் ஆரையும் அப்பிடியே பேசிக் காட்டுவன். பொலிசப் பேசுவன், பூசாரியப் பேசுவன், தபால்காரன் பல்லுக் குத்திக்கிட்டுக் கதைக்கிறதப் பேசுவன். இந்தா நம்மட தேத்தண்ணிக் கடை அடுப்படியில நிக்கிற என்ட பொஞ்சாதி நேசமலர மட்டும் பேசிக் காட்ட ஏலாது. ஏனெண்டா அவ பேசுறதே இல்ல. வருசத்துக்கு நாலு சொல்லு. அதுல ரெண்டு 'ம்', ஒண்டு 'ம்ம்'.

நேசம், புள்ளைகளுக்குத் தேத்தண்ணி ஊத்து. என்ன அது மணக்குது, கொத்தமல்லியா அவிக்கிறாய்? ஆருக்குச் சுகமில்ல?

பாத்தீங்களா? ஒரு சொல்லு வருதா எண்டு பாருங்க.

மணி என்ன? பதினொண்டேகாலா? சரி. பன்னிரண்டுக்குள்ள நான் கடக்கரையில நிக்கணும். நீங்க அலையில விளையாடப் போறீங்க. நான் பழி வாங்கப் போறன்.

சிரிக்காதீங்க! எழும்பிப் போய் ஓட்டோவுக்குப் பின்னால பாருங்க. ஒரு பேணி கறுப்புப் பெயிண்ட். ஒரு பிரஷ். ஒரு வாள், மரம் அறுக்கிற வாள். என்னத்துக்கு எண்டா, இண்டைக்குப் பன்னிரண்டு மணிக்கு அந்தக் கரையில பேர்ப்பலகை நடுறாங்க. எங்கட ஊர்ச் சபைத் தவிசாளர் வாறார், பொலிஸ் பெரியையா வாறார், மேளமெல்லாம் போயிருக்கு. விடிய ஆறு மணிக்கே எல்லாரும் டிரக்டர்ல இதாலதான் போனாங்க, மாலை, குத்துவிளக்கு எல்லாத்தோடயும். அப்ப பெரியவர் இல்ல. எட்டு மணிக்கு நான் ஓட்டோவ முறுக்கினன் பாருங்க, உடன ப்ரீங்! என்ட நேரம்.

பலகையில என்ன பேர் தெரியுமா? 'சீலன் முனை.' தமிழ்ல ஒண்டு, சிங்களத்துல ஒண்டு, இங்கிலீசுல ஒண்டு. மூண்டு பாசையில அவன்ட பேரு! உங்கட போனையும் காட்டுங்க பாப்பம், அதுலயும் அதுதானே கிடக்கு? ம். எடுத்து மூடுங்க, எனக்கு வயிறு எரியுது.

ஆரு இந்தச் சீலன்? கேளுங்க. குணசீலன். கோமாரி ஊருல எங்கட வளவுக்கு அடுத்த வளவு. ஒண்டாக் கள்ள மாங்கா புடுங்கினம், ஒண்டா அடி வாங்கினம். அவனுக்கு நீந்தப் பழக்கினது நான். விரல வாய்க்குள்ள விட்டு விசிலடிக்கப் பழக்கினது நான். காடு வெட்டிப் போட்ட வத்தகப்பழச் சேனையில கள்ளனுகள விரட்ட, பெரியவர் மாதிரிக் கத்தப் பழக்கினதும் நான்தான். அவனுக்கு என்னெல்லாம் தெரியுமோ அதெல்லாம் இந்த அழகையா போட்ட பிச்சை.

இந்தக் கடல் ஒண்டும் மத்தக் கடல் மாதிரி இல்ல, சொல்லிப் போட்டன். ஒரு பக்கம் கல்லு. ஒரு பக்கம் முதலை கிடக்கிற ஓடை. நடுவுல அலை, பாய் சுருட்டின மாதிரிச் சுருட்டிக்கிட்டு வரும். விழுந்தா கல்லு தோல உரிச்சிப் போடும். இந்தா முதுகு, பாருங்க. முந்தி இதுக்கு ஆமைக்கல்லு எண்டுதான் பேரு. மீன்காரனும் தேனெடுக்கிறவனும் தவிர ஒரு குஞ்சு குருமான் வாறதில்ல. ஒரு அவுஸ்திரேலியாக்காரன் வந்து, விழுந்து எழும்பி விழுந்து, மூக்கொடிஞ்ச பலகை ஒண்ட கரையில எறிஞ்சிட்டு, நொண்டி நொண்டிப் போனான். நாங்க ரெண்டு பேரும் அத எடுத்தம்.

அந்தப் பலகையில முதல்ல ஏறி நிண்டது ஆரு? நான்! இந்த ஊருல, இந்தக் கடல்ல, முதன்முதலா அலைக்கு மேல நிண்ட மனிசன் நான். எவ்வளவு நேரமா? 'அம்மா' எண்டு சொல்ற நேரம் நிண்டன். 'அம்' தண்ணிக்கு மேல, 'மா' தண்ணிக்குக் கீழ. மறுகா அவன் ஏறினான். ஏறினவன் கரை மட்டும் வந்துதான் இறங்கினான். வந்தா என்ன? முதல் எண்டா முதல்தானே? சொல்லுங்க தங்கச்சி, கண்ணாடி போட்டிருக்கீங்க, படிச்ச புள்ள. முதல் எண்டா முதல்தானே?

அப்பிடிச் சொல்லுங்க.

இப்ப பேர் வந்த கதையக் கேளுங்க. ஒரு சுவிஸ்காரி வந்தாள், ஊசிலாவோ உர்சுலாவோ. என்ட ஓட்டோவுலதான் கூட்டிக் கொண்டு போனன். கரையில இறங்கினாள், பாத்தாள், 'ஓ' எண்டாள், நெஞ்சில கைய வெச்சாள். மறுகா ஒரு கொப்பிய எடுத்து, கடலப் பாத்து விரல நீட்டி, 'வட் நேம்?' எண்டு கேட்டாள். அந்த நேரம் கடலுக்குள்ள ஆரு? அந்தச் சனியன்தான்! ரெண்டு கையையும் விரிச்சி, மதில்ல நடக்கிற பூனை மாதிரி அலையில வாறான். நான் வாயத் துறந்து சொன்னன், 'சீலன்.' 'சீலன்?' எண்டாள். 'யெஸ் யெஸ், சீலன்' எண்டன். 'பியூட்டிபுல்' எண்டாள். எனக்கு விளங்கல்ல. அவன்ட முன்பல்லு ரெண்டு இல்ல, என்னத்தக் கண்டு பியூட்டிபுல் எண்டாள் எண்டு. எழுதினாள், போனாள். அடுத்த வருசம் வந்திறங்கின வெள்ளையன் எல்லாரும் என்ட ஓட்டோவுலயே ஏறி, 'டேக் மீ டு சீலன்!' எண்டான். நான் அவன்ட வீட்டுக்குக் கொண்டு போய் விட்டன். 'நோ நோ, சீலன் பீச்!' எண்டான்.

என்ன தங்கச்சி? நான்தானே அந்தப் பேரச் சொன்னன் எண்டா?

நான்தான் சொன்னன். இல்லெண்டு சொல்லல்லயே. ஆனா அவன் ஏன் அந்த நேரம் அங்க நிக்கணும்? கடல் எவ்வளவு பெரிசு! ஒரு கொஞ்சம் தள்ளி நிண்டா என்ன? அவ கேக்கிற நேரம் நான் கடலுக்குள்ள நிண்டு, அவன் கரையில நிண்டிருந்தா, 'அழகையா' எண்டு சொல்லியிருப்பான். இண்டைக்கு அழகையா முனை. இதெல்லாம் அவன் கணக்குப் போட்டுச் செஞ்ச வேலை. கள்ளன்.

ப்ரீஈஈங்... கேட்டீங்களா, கடைசியில ஒரு 'க்ஹும்' வந்திச்சே? பெரியவருக்குத் தடிமன் போல, மூக்கும் அடைச்சிருக்கு. விடியப் பனிக்குள்ள நிண்டவர்தானே.

நேசம், அந்தப் பானையக் கிண்டினது காணும். தேத்தண்ணி எங்க?

எட்டு வருசமா நான் சும்மா இருக்கல்ல. கடைத்தெருவுல நிண்டு அவனப் பேசிக் காட்டினன். பல்லு இல்லாததால அவனுக்கு 'ஸ'வெல்லாம் 'ஃப'வாத்தான் வரும். 'வெல்கம் ஃபார், ஃபி இஃ வெரி நைஃ ஃபார்!' கடைத்தெருவே வயித்தப் பிடிச்சிச் சிரிச்சிது. அவன் அதால வந்தான். சரி, இப்ப அடிக்கப் போறான் எண்டு சாரத்த மடிச்சிக் கட்டினன். அவன் என்ன செஞ்சான்? அவனும் சேந்து சிரிச்சான்! 'மச்சான், இன்னொருக்காச் செய்' எண்டான். அதுதான் எனக்குப் பொறுக்க ஏலாது. அடிச்சா அடிக்கு அடி குடுக்கலாம். சிரிச்சா நான் என்ன செய்யிறது?

அண்டைக்கு நினைச்சன், இவனச் சிரிக்க ஏலாத இடத்துல வெச்சிச் செய்யணும் எண்டு.

போன வருசம் வாய்ச்சிது. லண்டன்ல இருந்து ரெண்டு பேர் பெரிய பெரிய கமராவோட வந்தாங்க, இவன்ட படம் எடுத்துப் பத்திரிகையில போட. இவன்தான் முன்னுக்கு நடந்து கூட்டிக் கொண்டு வாறான், புதுச் சேட்டு, தலைக்கு எண்ணெய். நான் விடிய வெள்ளாப்புலயே போய் ஓடைக்கரைக் காரைப் பத்தைக்குள்ள குந்திட்டன். முள்ளுக் குத்துது, நுளம்பு கடிக்கிது, குந்தியிருக்கன். பழி எண்டா சும்மாவா?

கிட்ட வந்தாங்க. நாக்க இப்பிடி மடிச்சி, அண்ணத்துல ஒட்டி, வயித்துல இருந்து மூச்ச எடுத்து, மூக்கால தள்ளணும். ப்ரீஈஈஈங்ங்! அச்சா அசல். கடைசியில மட்டும் தொண்டைக்குள்ள ஒரு கிறுகிறுப்பு வரும், ஒரு சின்ன இருமல் வந்திரும், க்ஹும் எண்டு. அத அடக்க ஏலாது. அந்த வித்தையில அது மட்டும்தான் குறை. ஆனா பயந்து ஓடுறவன் இருமலையா கேக்கப் போறான்?

லண்டன்காரனுகள் ஓடினானுகள் பாருங்க! ஒருத்தன் 'மை கோட், மை கோட்' எண்டு ஓடையில பாஞ்சான். மற்றவன் சப்பாத்த விட்டிட்டு ஓடினான், ஒத்தக் காலோட. கமரா ஒண்டு சேத்துக்குள்ள 'புளக்'. நான் பத்தைக்குள்ள வாயில சாரத்த அடைஞ்சிக்கிட்டுச் சிரிக்கிறன், கண்ணால தண்ணி வழியிது.

ஆனா சீலன் ஓடல்ல.

நிண்டான். பத்தையப் பாத்தான். ஒரு கொப்ப முறிச்சி, காட்டுப் பிள்ளையாருக்குக் கட்டுற மாதிரி மரத்துல தொங்கவிட்டான். மறுகா கையக் கூப்பி, பெரியவரோட கதைக்கத் தொடங்கிட்டான்! என்ன கதைச்சான் தெரியுமா? அப்பிடியே சொல்றன். 'பெரியவரே, கோவிக்காதீங்க. அந்தப் பேர நான் வெக்கல்ல. உங்கட வாய்தான் வெச்சிது. உங்களுக்கு வேணுமெண்டா எடுங்க, நான் ஒண்டும் கேக்கமாட்டன். ஆனா இந்தப் பனிக்குள்ள குந்தியிருக்காதீங்க. தடிமன் பிடிச்சிருக்கு. வீட்ட போய்க் கொத்தமல்லி அவிச்சிக் குடிங்க.'

கொத்தமல்லி! பெரியவருக்கு! பயத்துல மூளை பிசகிப் போச்சி அவனுக்கு. மனிசன் பயந்தா என்னெல்லாம் கதைப்பான் பாருங்க. 'உங்கட வாய்தான் வெச்சிது' எண்டானே, பெரியவர்ட வாய் எப்பிடிப் பேர் வெக்கும்? முழுப் பைத்தியம். கதைச்சிட்டு, அந்த ஒத்தச் சப்பாத்தையும் எடுத்துக்கிட்டுத் திரும்பிப் போயிட்டான். படம் எடுக்கல்ல, ஒண்டும் எடுக்கல்ல. வெண்டது ஆரு? நான்! அண்டைக்குப் பத்தைக்குள்ள இருந்தது நான் எண்டு இண்டைக்கு வரைக்கும் ஒரு குருவிக்கும் தெரியாது. நேசத்துக்கு மட்டும் சொன்னன். அவ ஆருக்குச் சொல்லப் போறா? அதுக்கு வாய் வேணுமே.

என்ன சிரிக்கிறீங்க தங்கச்சி? ஓ, இன்னும் கொத்தமல்லிக்குத்தான் சிரிக்கிறீங்க. சிரிங்க, சிரிங்க. நானும் மூண்டு நாள் சிரிச்சன்.

நாலாம் நாள்தான் சிரிப்பு நிண்டிச்சி. அந்த லண்டன்காரனுகள் சும்மா இருந்தானுகளா? படம் இல்லெண்டா, கதைய எழுதிப் போட்டானுகள். 'நாங்க ஓடிட்டம், சீலன் தனிய நிண்டு காட்டு ராசாவோட கதைச்சான், அது கேட்டு அடங்கிச்சி' எண்டு. அத உலகமே வாசிச்சிதாம். அதுக்குப் பிறகுதான் சபைக்கும் ரோசம் வந்திச்சி, 'இப்பிடிப்பட்ட ஆள் எங்கட ஊருல இரிக்கான், ஒரு பலகையாவது நட வேணாமா' எண்டு. பாத்தீங்களா அவன்ட தந்திரத்த? நான் பத்தைக்குள்ள குந்தி முள்ளுக் குத்து வாங்க, பேர் அவனுக்கு!

அதுதான் இண்டைக்கு. சரியா ரிப்பன் வெட்டி, எல்லாரும் கை தட்டுற நேரம், நான் போவன். பேணியத் துறப்பன். தவிசாளருக்கு முன்னால, பொலிசுக்கு முன்னால, அவன்ட பேருல ஒரே இழுவை, கறுப்பு! மறிச்சா வாள எடுத்துக் காலோட அறுப்பன். பலகையின்ட காலச் சொல்றன் தம்பி, பயப்படாதீங்க. பிடிச்சி அடைப்பாங்களா? அடைக்கட்டும். மாலை போட்ட கழுத்தோட அவன் பாத்துக்கிட்டு நிக்கணும். அண்டைக்குச் சிரிப்பானா எண்டு பாப்பம். எட்டு வருசமா இந்த முகத்துக்காகத்தான் நான் காத்துக்கிட்டு இரிக்கன்.

ப்ரீஈ... க்ஹும். க்ஹும். பாவம், சரியான தடிமன். குரலும் அடைச்சிட்டு. வயசான பெரியவர் போல, தனியன். அந்தத் தனியன்தான் ஆபத்து, தம்பி. கூட்டத்தோட வந்தா ஒண்டும் செய்ய மாட்டாங்க. எனக்குச் சத்தத்த வெச்சே வயசு சொல்ல ஏலும். பொய்ச் சத்தம் எண்டா ஒரு நொடியில கண்டு பிடிச்சிருவன், நான் அந்தத் தொழில்ல பழம் திண்டு கொட்டை போட்டவன். இது அசல். நூத்துக்கு நூறு அசல்.

தங்கச்சி, அது வரைக்கும் ஒரு உதவி செய்ங்க. இந்த மட்டையில எனக்கு எழுதித் தாங்க, 'அழகையா முனை' எண்டு. கறுப்படிச்ச பிறகு மேல வெள்ளையால எழுதணும். நான் பள்ளிக்கூடம் போனது மழைக்கு ஒதுங்கத்தான். அந்த 'ழ' தான் எனக்குப் பிடிபடாது. எந்தப் பக்கம் வால்? கீழயா? வயிறும் இரிக்கா? என்ட பேருக்குள்ளயே எனக்கு எழுத ஏலாத எழுத்தப் போட்டு வெச்சிட்டார் அப்பர். சீலன் எண்டா லேசு. பேர்லயும் அவனுக்குத்தான் வாய்ப்பு.

வடிவா எழுதியிருக்கீங்க. இது நானா? நல்லாத்தான் இரிக்கன்.

மணி என்ன? ஆ? பன்னிரண்டேகாலா?

ஐயோ! கேட்டீங்களா, தூரத்துல மேளம். நட்டுட்டாங்க! அடிச்சிக் கொண்டாடுறாங்க! நான் போறன், பெரியவர் மிதிச்சாலும் பரவாயில்ல, நான் போறன்! நேசம், சாவி எங்க? ஓட்டோச் சாவி! இந்த ஆணியிலதானே கொழுவினன்?

உன்ட மடியில என்ன? என்ட சாவி உன்ட மடியில ஏன் இரிக்கி?

என்ன இது, கோப்பைய என்ட கையில தாறாய்? கொத்தமல்லித் தண்ணியா? எனக்கா தடிமன்? ஆருக்கு இது? நேசம், உன்னத்தான் கேக்கிறன். இந்த வருசத்துச் சொல்லு நாலையும் இப்ப எடு. ஆருக்கு?

"இஞ்சருங்க, வீரமரத்தடியில இரிக்கிற பெரியவருக்கு. நான் சொல்லித்தான், நீங்க பொலிசுக்கிட்ட மாட்டக் கூடாதெண்டு, தன்ட பேர்ப்பலகை நடுறதுக்கும் போகாம எட்டு மணில இருந்து கத்துறார். பழக்கினது நீங்கதானே, அந்த இருமலோட சேத்து. கொண்டு போய்க் குடுங்க, ஆறப் போகுது."